ஐந்து மணிக்கு எழுதுங்கள், பத்தரைக்குக் கோர்ட்டுக்குப் போங்கள்

கேள்வி: நான் ஒரு மாவட்டத் தலைநகரில் நான்கு வருடமாக வக்கீலாக இருக்கிறேன். வயது 28. கிரிமினல் வழக்குகள் நடத்தும் ஒரு சீனியரிடம் ஜூனியர். மாதம் 8,000 ரூபாய் தருகிறார். இரவில் ஒரு நாவல் எழுதி வருகிறேன், 140 பக்கம் ஆகிவிட்டது. எங்கள் ஆபீஸ் நடத்திய ஒரு வழக்குதான் கதை. ஒரு சிறுமி சம்பந்தப்பட்டது. நாங்கள் எதிரி தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல்கள். அவர் விடுதலையாகிவிட்டார். அவர் எங்களிடம் சொன்ன ஒரு விஷயம் கோர்ட்டுக்குத் தெரியாது. அதுதான் என் கடைசி அத்தியாயம். ஜான் கிரிஷாம் வக்கீல் தொழிலை விட்டதால்தானே அவ்வளவு பெரிய எழுத்தாளர் ஆனார்? நானும் விட்டுவிடலாமா? விட்டுவிட்டால் அந்த வழக்கை எழுத எனக்கு உரிமை வந்துவிடுமா? 'படிக்க வைத்ததெல்லாம் வீணா?' என்று அப்பா கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஊர், வருடம், இன்னும் இரண்டு விவரங்களை எடுத்துவிட்டுத்தான் மேலே கொடுத்திருக்கிறேன். ஏன் என்று போகப் போகப் புரியும். அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதை நீங்கள் எனக்கும் எழுதவில்லை. அந்தக் கட்டுப்பாடு உங்களிடம் இருக்கிறது என்று பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் மதுரையில் 23 வருடமாகத் தொழில் செய்கிறேன். கதைகளும் எழுதுகிறேன். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும்.

முதலில் கிரிஷாம். அவர் தொழிலை விட்டதால் எழுத்தாளர் ஆகவில்லை. எழுத்தாளர் ஆகி, அதில் சோறு கிடைக்கும் என்று உறுதியான பிறகுதான் தொழிலை விட்டார். இந்த வரிசை உங்களுக்கு ரொம்ப முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1955-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஜோன்ஸ்பரோ என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பருத்தி விவசாயமும் கட்டட வேலையும் பார்த்தவர். முதலில் கணக்கியல் பட்டம், பிறகு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சட்டம். 1981-ல் படிப்பை முடித்ததும் சவுத்ஹேவன் என்ற சின்ன ஊரில் போர்டு மாட்டினார். கிரிமினல் வழக்குகள், விபத்து இழப்பீட்டு வழக்குகள். நம் ஊர் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1983-ல் மாநில சட்டமன்றத்துக்கும் தேர்வானார். வாரத்துக்கு 60, 70 மணி நேரம் வேலை.

1984-ல் ஒருநாள் டிசோட்டோ மாவட்டக் கோர்ட்டில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சாட்சியமாகச் சொல்வதைக் கேட்டார். அது அவர் நடத்திய வழக்கு இல்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது அவருக்குள் ஒரு கேள்வி எழுந்தது: இந்தப் பெண்ணின் அப்பா அந்த ஆட்களைக் கொன்றுவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கேள்விதான் 'எ டைம் டு கில்' என்ற முதல் நாவல். தினமும் காலை 5 மணிக்கு எழுந்து, கோர்ட்டுக்குப் போகும் முன் எழுதினார். ஒரு நாளைக்கு ஒரு பக்கமாவது என்பது கணக்கு. மூன்று வருடம் ஆனது. 1987-ல் முடித்தார்.

முடித்ததும் உலகம் ஓடி வரவில்லை. பதிப்பகம் மாற்றிப் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. கடைசியில் ஒரு சின்னப் பதிப்பகம் 5,000 பிரதிகள் போட்டது. அதில் 1,000 பிரதிகளை அவரே விலைக்கு வாங்கி, காரில் போட்டுக்கொண்டு விற்றுப் பார்த்தார். நாவல் படுத்துவிட்டது.

ஆனால் முதல் நாவலை முடித்த மறுநாளே அவர் அடுத்ததை ஆரம்பித்திருந்தார். கிரிஷாம் வாழ்க்கையில் நான் மிக மதிக்கும் இடம் இதுதான். புத்தகம் வருமா வராதா என்றே தெரியாத நிலையில், அடுத்த நாள் அதே 5 மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். அந்த இரண்டாவது புத்தகம் 'தி ஃபர்ம்'. அது அச்சாவதற்கு முன்பே பாரமவுண்ட் நிறுவனம் படமாக்கும் உரிமையை 6 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்குப் பிறகுதான் பெரிய பதிப்பகம் வந்தது. 1990-ல் சட்டமன்றப் பதவியை ராஜினாமா செய்தார், வக்கீல் ஆபீசையும் மூடினார். 1991-ல் வெளியான 'தி ஃபர்ம்' நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் 47 வாரம் இருந்தது.

முதல் வரி எழுதியதற்கும் கோர்ட்டை விட்டதற்கும் நடுவில் ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் வாய்தா, கட்சிக்காரர், ஜாமீன் மனு எல்லாம் நடந்துகொண்டேதான் இருந்தன. விட்ட பிறகும் ஒருமுறை திரும்பி வந்தார். தொழிலை விடும் முன் ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ரயில் பெட்டிகளுக்கு நடுவே நசுங்கி இறந்துபோன ஒரு ரயில்வே தொழிலாளியின் குடும்பம் அது. 1996-ல், உலகமே அறிந்த எழுத்தாளராக இருந்தபோது, கோர்ட்டில் நின்று அந்த வழக்கை நடத்தி ஜெயித்தார். 6,83,500 டாலர் தீர்ப்பானது. அவர் வக்கீலாக வாங்கிய தீர்ப்புகளில் அதுதான் பெரியது.

தொழிலை விடாதவரும் உண்டு. சிகாகோவில் அரசு வக்கீலாக இருந்த ஸ்காட் டுரோ, வேலைக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்து தன் முதல் நாவலை எழுதினார். 1987-ல் வெளியாகிப் பெரிய பெயர் வாங்கியது. அதற்குப் பிறகும் பல வருடம் வக்கீலாகவே இருந்தார்.

இப்போது நம் ஊர்க் கணக்கு. 300 ரூபாய் விலையுள்ள தமிழ் நாவலுக்கு 10 சதவீத ராயல்டி என்றால் ஒரு பிரதிக்கு 30 ரூபாய். 500 பிரதிகள் விற்றால் 15,000. அதுவும் ஒரே நாளில் கைக்கு வராது. நாவலை நம்பி வேலையை விட்டால், ஆறாவது மாதம் வீட்டுச் செலவுக்காக எதையாவது எழுத ஆரம்பிப்பீர்கள். இந்த 140 பக்கம் பெட்டிக்குள் போய்விடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் தரச் சொல்லி, உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி 2024-ல் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. 8,000 ரூபாயை 'எனக்குத் தகுதி அவ்வளவுதான்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சீனியரிடம் மரியாதையாக, நேராகக் கேளுங்கள். எழுதுகிற ஆளுக்கு மாதம் பிறந்தால் வாடகைக் கவலை இல்லாமல் இருப்பது பெரிய உதவி.

அடுத்தது உங்கள் இரண்டாவது கேள்வி. தொழிலை விட்டால் அந்த வழக்கை எழுத உரிமை வருமா?

வராது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது கட்சிக்காரருடைய சொத்து. பழைய சாட்சியச் சட்டத்தில் 126-வது பிரிவு, இப்போது 2023-ம் வருடத்து பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 132. அவர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் அதை யாரிடமும் சொல்லக் கூடாது. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. குமாஸ்தாவுக்கும் பொருந்தும், வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட ஜூனியருக்குச் சொல்லவே வேண்டாம். பார் கவுன்சில் விதிகளும் இதையே தனியாகச் சொல்கின்றன. கவுனைக் கழற்றி மாட்டிவிட்டால் இந்தக் கடமையும் கழன்றுவிடும் என்று நினைக்காதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்காக ஒருவர் வக்கீலிடம் பேசினால், அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு இல்லை. நடந்து முடிந்ததைச் சொன்னால் உண்டு. அவர் சொன்னது, ஏதாவது ஒரு குழந்தைக்கு இனி ஆபத்து வரலாம் என்று நீங்கள் பயப்படும்படி இருந்ததா? இருந்தால் நாவலை மூடி வையுங்கள். இன்று சாயங்காலமே சீனியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். குற்றம் நடக்கக்கூடும் என்று தெரிந்தால் தகவல் சொல்லும் கடமை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவில் இருக்கிறது. அது நாவலில் வைத்துத் தீர்க்கக்கூடிய விஷயம் இல்லை.

அப்புறம் அந்தச் சிறுமி. பெயரை மாற்றிவிட்டேன் என்று சொல்வீர்கள். பெயர் மட்டும் போதாது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் அச்சிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சுற்றிவளைத்துக்கூட அடையாளம் தெரியும்படி ஒரு விவரமும் வரக் கூடாது என்று 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊரில் எந்தப் பள்ளி, வீட்டுக்குப் பக்கத்தில் என்ன கடை, அப்பாவுக்கு என்ன வேலை, இந்த மூன்றும் சேர்ந்தால் அந்தத் தெருவுக்குப் பெயர் தேவையில்லை. 'இது முழுக்கக் கற்பனை' என்று முதல் பக்கத்தில் போட்டாலும் அது காப்பாற்றாது.

இதை நான் சட்டப் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்து ஏழாவது வருடம் ஒரு ஜீவனாம்ச வழக்கு நடத்தினேன். அந்த அம்மா ஒருநாள் சேம்பரில் உட்கார்ந்து சொன்னார்: கணவர் வீட்டை விட்டுப் போனபோது வேறு எதையும் எடுக்கவில்லை, சுவர்க் கடிகாரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். அது இருந்த இடம் மட்டும் சுவரில் வட்டமாக வெள்ளையாய் நிற்கிறது. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு சிறுகதை எழுதினேன். பெயர், ஊர், சாதி, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றினேன். கடிகாரத்தை மாற்ற மனசு வரவில்லை. கதையே அதுதானே.

பத்திரிகையில் வந்தது. நான்கு பேர் பாராட்டி எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா பத்திரிகையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை. "கடிகாரம் பத்தி உங்ககிட்ட மட்டும்தானே மேடம் சொன்னேன்," என்றார். வழக்குக் கட்டைத் திருப்பிக் கேட்டார், வேறு வக்கீல் வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு ஜீவனாம்சம் கிடைத்ததா என்று பிறகு எனக்குத் தெரியவில்லை, கேட்கிற தகுதியும் எனக்கு இல்லை. அந்தக் கதையை எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை.

இப்போது கிரிஷாமிடம் திரும்பப் போவோம். அவர் அந்தச் சிறுமியின் வக்கீலும் இல்லை, எதிரியின் வக்கீலும் இல்லை. திறந்த கோர்ட்டில், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்டார். அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. கொலை, அப்பாவின் விசாரணை, ஜூரி, ஊர்க் கலவரம் எல்லாம் அவர் கட்டியவை. நம் ஊரில் போக்சோ விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். அதாவது, அவர் நின்ற இடத்தில் நீங்கள் நிற்கவே முடியாது. அந்த வழக்கைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எல்லாமே கவுன் போட்டிருந்ததால் தெரிந்தது.

அப்படியானால் 140 பக்கமும் வீணா? இல்லை. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

கடிதத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, எதிரியைப் பற்றி மூன்று வரி. மற்றதெல்லாம் உங்களைப் பற்றி. ஒன்று தெரிந்துவிட்டது, சொல்ல முடியாது, மறுநாள் அதே கோர்ட்டுக்குப் போக வேண்டும், அதே டீக்கடையில் அரசு வக்கீலுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். இந்த அவஸ்தை யாரும் உங்களிடம் ஒப்படைத்தது இல்லை, உங்களுடையதே. சட்டம் இதை எழுதத் தடை சொல்லவில்லை. தெரிந்துகொண்டு வாயை மூடியிருக்கும் ஒரு ஜூனியர்தான் உங்கள் கதாநாயகி. அவளுக்குத் தெரிந்தது என்ன என்பதை முழுக்க மாற்றுங்கள். குழந்தை வேண்டாம், அந்த வகைக் குற்றமே வேண்டாம். ஒரு போலி உயில், ஒரு நிலப் பத்திரம், ஒரு விபத்து வழக்கில் மாற்றிச் சொன்ன ஓட்டுநர் பெயர், எதுவாகவும் இருக்கலாம். எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் சீனியர், அந்த எதிரி, அந்தச் சிறுமியின் அம்மா, மூன்று பேரும் புத்தகத்தைப் படித்தால் மூன்று பேருக்கும் 'இது நம்ம கேஸ்' என்று தோன்றக் கூடாது. என் கடிகாரத்தை மறக்காதீர்கள். மாற்ற மனசே வராத விவரம் எதுவோ, முதலில் அதைத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

கடைசி அத்தியாயத்தில் அவள் ரகசியத்தைப் போட்டு உடைத்தால் வாசகருக்கு ஒரு நிமிட அதிர்ச்சி. உடைக்காமல், அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்தால்? நான் வாசகியாக அதற்குத்தான் காத்திருப்பேன்.

இன்னொரு விஷயம் உங்கள் கைக்குள்ளேயே இருக்கிறது. சாட்சியம் பதிவாகும் விதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் நாம் கேட்ட கேள்வி காகிதத்தில் இருக்காது, பதில் மட்டும் தொடர்ச்சியாகப் பதிவாகும். 'நான் அன்று வீட்டில் இல்லை என்று சொன்னால் சரியல்ல' என்று ஒரு வரி. அதற்கு முன்னால் சாட்சி எவ்வளவு நேரம் பேசாமல் நின்றார், யாரைப் பார்த்தார், கூண்டுக் கம்பியைப் பிடித்த கை என்ன ஆனது, ஒன்றும் கட்டில் இல்லை. நகல் மனு போட்டு வாங்கினாலும் கிடைக்காது. அது நேரில் இருந்தவருக்கு மட்டும் தெரியும். கட்டில் எழுதாமல் போனதை நாவலில் எழுதுங்கள்.

தமிழில் நாவல் என்பதே கோர்ட்டுக்குள் இருந்த ஒருவரிடமிருந்துதான் தொடங்கியது. மாயவரத்தில் 13 வருடம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளைதான் 1879-ல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டார். அதற்கு முன் கோர்ட்டில் ஆவணக் காப்பாளர், மொழிபெயர்ப்பாளர். 1805 முதல் 1861 வரையிலான மேல் கோர்ட்டுத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று முதலில் அச்சிட்டவரும் அவரே. தீர்ப்பைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி எழுதிப் பழகிய கைதான் பிறகு வசனத்தில் கதை சொன்னது. கோர்ட்டுத் தமிழ் உங்கள் நடையைக் கெடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாதி, பிரதிவாதி, மகஜர், வாய்தா, டவாலி கூப்பிடும் குரல் எல்லாம் உங்கள் மூலதனம். 'மேற்படி' என்ற சொல்லை மட்டும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

பார் கவுன்சில் தடுக்குமா என்ற பயம் வேண்டாம். பிராக்டிஸ் செய்துகொண்டே முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது என்பதுதான் விதி. எழுதுவதற்கும் ராயல்டி வாங்குவதற்கும் தடை இல்லை. ஆனால் விளம்பரம் கூடாது. பின் அட்டையில் வக்கீல் என்று ஒரு வார்த்தை இருக்கட்டும், 'போக்சோ வழக்குகளில் அனுபவம் மிக்கவர்' என்றும் போன் நம்பரும் வேண்டாம். என்றைக்காவது உண்மையாகவே முழுநேரம் எழுத வேண்டும் என்றால், தொழிலை நிறுத்திவைப்பதாக மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, பதிவுச் சான்றிதழை ஒப்படைக்கலாம். பிறகு விண்ணப்பித்துத் திரும்பவும் வரலாம். அந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது, இன்றைக்கே போய்த் தட்ட வேண்டியதில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நாவலுக்காகவா தொழிலை விட நினைக்கிறீர்கள், அந்த விடுதலைத் தீர்ப்புக்காகவா? எதிரி தரப்பில் நின்றது தப்பு இல்லை. யாராவது நின்றே ஆக வேண்டும், சரியாக நிற்க வேண்டும். ஆனால் அந்த வகை வழக்குகளை உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அது குறையும் இல்லை. சீனியரிடம் சொல்லலாம், சிவில் பார்க்கும் ஆபீசுக்கு மாறலாம், சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் வேலை செய்யலாம். தூக்கம் வராத ராத்திரிகள் தொடர்ந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். என்ன கேட்டீர்கள் என்பதைச் சொல்லாமலே, கேட்டது என்ன செய்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

அப்பாவிடம் 'விடப் போவதில்லை' என்று முதலில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நாவலைப் பற்றிப் பேசினால் அவர் காதில் விழும்.

மே மாத விடுமுறையில் சிவில் கோர்ட்டுகள் மூடியிருக்கும், கிரிமினல் ஆபீசிலும் வேலை கொஞ்சம் குறையும். திருத்தி எழுத அந்த நாட்களை வைத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் காலை 5 மணிக்கு ஒரு பக்கம். இந்த வாரத்தில் ஒரு மதியம், உங்கள் ஆபீசுக்கு வேலை இல்லாத ஒரு முன்சீப் கோர்ட்டில் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். உங்களுக்கு யாரும் கட்சிக்காரர் இல்லாத, கதவு திறந்திருக்கும் கோர்ட்டாக இருக்கட்டும். பாகப்பிரிவினை வழக்கில் ஒரு அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நடுவில் இருக்கும் காலி இடத்தைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா